1203 பிறந்த கதை

1865-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தின் கிரீனிச் தெருவில் இருந்த வயோமிங் ஹோட்டலில் ஒரு மரப்பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து தங்கிய ஒருவர் விட்டுச் சென்ற பெட்டி. ஹோட்டல் ஊழியர்கள் அதன்மேல் உட்கார்ந்தார்கள். விருந்தினர்களின் காலணிக்கு பாலிஷ் போடும்போது கால் வைக்கும் மேடையாகவும் அது பயன்பட்டது. நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியிலிருந்து செந்நிறப் புகை கசியத் தொடங்கியது. நாற்றம் தாங்காமல் ஊழியர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் எறிந்தார். மறுகணம் தெருவே அதிர்ந்தது. சாலையில் பெரும் பள்ளம். சுற்றிலும் இருந்த கட்டடங்களில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட மிஞ்சவில்லை. காலுக்கடியில் இத்தனை நாள் எது இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அது நைட்ரோகிளிசரின். 1847-ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் தயாரித்த எண்ணெய் போன்ற திரவம். அதன் குணத்தைக் கண்டு பயந்து, அவரே அதை ஒதுக்கி வைத்தார். ஸ்வீடனின் ஆல்ஃபிரட் நோபல் ஒதுக்கவில்லை. 1864-ல் ஸ்டாக்ஹோமில் அவருடைய ஆலை வெடித்து, தம்பி எமில் உட்படச் சிலர் இறந்த பிறகும் உற்பத்தி தொடர்ந்தது. ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த அமெரிக்கா அந்த எண்ணெய்க்குக் காத்திருந்தது. பெட்டிகள் சாதாரணச் சரக்காகக் கப்பலேறின. பெட்டிமேல் எந்த எச்சரிக்கையும் இல்லை.

1866 ஏப்ரல் 3-ஆம் தேதி, பனாமாவின் ஆஸ்பின்வால் துறைமுகத்தில் ‘யூரோப்பியன்’ என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதின்மூன்று நாள் கழித்து, சான்பிரான்சிஸ்கோவில் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் அலுவலகப் பின்கட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பனாமா வழியாக வந்த பெட்டி. அதிலிருந்து சமையல் எண்ணெய் போல ஏதோ கசிந்திருந்தது. சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. கப்பல் நிறுவனத்தின் ஆளும் கூட இருந்தார். ஒருவர் உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

பதினைந்து பேர் இறந்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1872-ல் வந்த தீர்ப்பு பலருக்கு அதிர்ச்சி: வெல்ஸ் ஃபார்கோமீது குற்றமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை; சந்தேகப்பட வெளியே எந்தக் காரணமும் தெரியவில்லை; சுமப்பவர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. அப்படியானால் சொல்ல வேண்டியது யார்? அதற்கான பதிலை, விபத்து நடந்த மூன்றே மாதத்தில், 1866 ஜூலையில், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கியிருந்தது. இந்த எண்ணெயை அனுப்புகிறவர் அதை உலோகக் கலத்தில் அடைத்து, வெளியே ‘நைட்ரோகிளிசரின் – அபாயகரமானது’ என்று எழுத வேண்டும். சரக்குப் பெட்டிமேல் எச்சரிக்கை ஏறிவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு பொருளின் பெயர்தான்.

கடலுக்கு அப்பால் லண்டனில், 1874 அக்டோபர் 2-ஆம் தேதி விடியுமுன், ரீஜண்ட்ஸ் கால்வாயில் படகுகளின் வரிசை ஒன்றை நீராவிப் படகு இழுத்துச் சென்றது. அதில் ‘டில்பரி’ என்ற படகில் சர்க்கரை, காபி, பெட்ரோலியப் பீப்பாய்கள், சுமார் ஐந்து டன் வெடிமருந்து எல்லாம் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. எண்ணெயிலிருந்து எழுந்த ஆவி படகின் அறைக்குள் பரவி அங்கிருந்த நெருப்பைத் தொட்டது. அப்போது படகு மேக்கல்ஸ்ஃபீல்டு பாலத்துக்குக் கீழே இருந்தது. பாலம் தூளாயிற்று, படகிலிருந்த மூவர் இறந்தார்கள். கால்வாயின் இருபுறமும் உயர்ந்து நின்ற கரைகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டதால்தான் சுற்றுவட்டாரம் பெரும் நாசத்திலிருந்து தப்பியது. எண்ணெய் தனியாகவும் வெடிமருந்து தனியாகவும் போயிருந்தால் அன்று இத்தனை பெரிய அழிவு நடந்திருக்காது.

விசாரித்தவர், பிரிட்டனின் வெடிபொருள் ஆய்வாளர் விவியன் மஜெண்டி. அடுத்த ஆண்டே வெடிபொருள் சட்டம் வந்தது. வெடிபொருள்கள் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. அந்த வகைப்பாடு இந்தியாவுக்கும் வந்தது. சிவகாசிப் பட்டாசு இந்திய வெடிபொருள் விதிகளில் இன்றைக்கும் ஏழாம் வகுப்புதான். பெயர்களை எழுதுவதிலிருந்து இனம் பிரிப்பதற்கு உலகம் முன்னேறியிருந்தது. அடுத்த அடி, எழுதத் தெரிந்தும் எழுதாமல் விட்டதால் விழுந்தது.

1917 டிசம்பர் 6. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். பிரெஞ்சுக் கப்பல் ‘மோன் பிளாங்’ உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் 2,000 டன்னுக்கு மேல் பிக்ரிக் அமிலம், டி.என்.டி., பருத்தி வெடிமருந்து; மேல்தளத்தில் பீப்பாய் பீப்பாயாக, எளிதில் தீப்பற்றும் பென்சால். வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிடுவது வழக்கம். உலகப்போர்க் காலத்தில் அந்தக் கொடி, எதிரிக்குக் குறி காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கொடி ஏறவில்லை. குறுகலான நீர்வழியில் நார்வேயின் ‘ஈமோ’ கப்பல் வந்து மோதியது. தீப்பொறி பென்சாலில் விழுந்தது.

மாலுமிகள் படகில் இறங்கி, பிரெஞ்சு மொழியில் கத்திக்கொண்டே கரைக்குத் துடுப்புப் போட்டார்கள். கரையில் இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. எரியும் கப்பல் காலை நேரத்தில் அற்புதமான காட்சியாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் நின்றார்கள். வீடுகளில் ஜன்னல் கண்ணாடியில் முகம் பதித்து வேடிக்கை பார்த்தார்கள். ‘பேட்ரீஷியா’ என்ற மோட்டார் தீயணைப்பு வண்டி துறைக்கு விரைந்தது. விஷயம் தெரிந்த வெகு சிலரில் ஒருவர், ரயில்வே தந்தி அலுவலர் வின்சென்ட் கோல்மன். தப்பி ஓடக் கிளம்பியவர், பயணிகள் ரயில் ஒன்று வந்துகொண்டிருப்பது நினைவுக்கு வரவே திரும்பி வந்து உட்கார்ந்து, ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தியடித்தார். கடிகாரத்தில் 9 மணி 4 நிமிடம்.

ஏறக்குறைய 1,800 பேர் இறந்தார்கள். 9,000 பேர் காயமடைந்தார்கள். ஜன்னலோரம் நின்றிருந்தவர்களின் கண்களில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தன. கோல்மன் பிழைக்கவில்லை. பேட்ரீஷியாவில் போனவர்களில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். அந்தக் கொடி பறந்திருந்தால் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஓடியிருக்கலாம். எச்சரிக்கை யாருக்காக என்ற கேள்விக்கு ஹாலிஃபாக்ஸ் பதில் சொன்னது: சரக்கை ஏற்றியவருக்கு அது தெரியும், கப்பல் தலைவருக்கும் தெரியும், எச்சரிக்கை தேவைப்படுவது வழியில் எதிர்ப்படும் அந்நியருக்கு, முதலில் ஓடி வரும் தீயணைப்பு வீரருக்கு. ஆனால் எது ஆபத்து என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாவிட்டால்?

அந்தக் கேள்வி பம்பாயில் வெடித்தது. 1944 ஏப்ரலில் விக்டோரியா டாக்கில் வந்து நின்ற ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. தங்கக் கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில், காலியாக இருந்த இடத்திலெல்லாம் பஞ்சுப் பொதி, எண்ணெய்ப் பீப்பாய், கந்தகம், மீன் தூள், மரம் என்று கிடைத்ததை ஏற்றியிருந்தார்கள். ஏப்ரல் 14 மதியம், பஞ்சு இருந்த சரக்கறையிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் குழாய் குழாயாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். தண்ணீர் ஏற ஏற, எரியும் பஞ்சுப் பொதிகளும் மிதந்து மேலே ஏறின. அவற்றுக்கு மேலடுக்கில் இருந்தது வெடிமருந்து.

மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணிக்குள் இரண்டாவது. ஆயிரம் மைல் தொலைவில் சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானியில் அது பதிவாயிற்று. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். பஞ்சும் மீன் தூளும் யாரும் பயப்படாத பொருள்கள். ஆனால் ஈரமோ எண்ணெயோ பட்டு நெருக்கி அடுக்கப்பட்டால், தமக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. வெடிமருந்துக்கு மட்டும் காவல் போட்ட உலகம், சாதுவான சரக்கைக் கவனிக்கவில்லை. மூன்றே ஆண்டில், இன்னும் சாதுவான பெயரோடு ஒரு சரக்கு வந்தது.

1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்கேம்ப்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் காகித மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போரில் பாழான ஐரோப்பாவின் வயல்களுக்குப் போகும் உரம். வேதியியல் பெயர் அம்மோனியம் நைட்ரேட். அதைத் தயாரித்தது, போர்க்காலத்தில் ராணுவத் தளவாடம் செய்த ஆலைகள். மூட்டைகள் தொட்டால் சுடுவதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் உரம் என்ற பெயரைக் கேட்டு யார் பயப்படுவார்? காலை எட்டு மணிவாக்கில் சரக்கறையில் புகை தெரிந்தது. தண்ணீர் ஊற்றினால் சரக்கு கெட்டுவிடும் என்று கப்பல் தலைவர் தடுத்தார். மூடியைச் சாத்தி, உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார். காற்று வெளியேறிவிட்டால் தீ மூச்சுத் திணறி அணைந்துவிடும் என்பது கணக்கு.

சாதாரணச் சரக்குக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய அந்தக் கணக்கு, இந்தச் சரக்குக்குத் தலைகீழ். அம்மோனியம் நைட்ரேட் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. வேண்டிய ஆக்சிஜன் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நீராவி கொடுத்தது வெப்பத்தை மட்டும். ஆரஞ்சு நிறப் புகை எழும்ப, அதன் அழகைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 9 மணி 12 நிமிடத்துக்குக் கப்பல் இல்லாமல் போனது. அதன் நங்கூரம் இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. அருகில் நின்ற ‘ஹை ஃப்ளையர்’ என்ற கப்பல் மறுநாள் நள்ளிரவு தாண்டி வெடித்தது. குறைந்தது 581 பேர் இறந்தார்கள். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் அந்தத் துறைமுகத்திலேயே மாண்டார்கள்.

இத்தனைக்கும் பாடம் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1921-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில், இதே அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரக் குவியல் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அங்கே கற்றது இங்கே எட்டவில்லை. டெக்சஸ் சிட்டி நடந்த அதே ஆண்டு ஜூலையில், பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இன்னொரு கப்பல் இதே உரத்தோடு வெடித்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டியல், ரயிலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. காவல் நிலையச் சுவரில் ஒட்டிய ரவுடிகளின் பெயர்ப்பட்டியல்போல, பெயர் மாற்றிக்கொண்டு வந்தவன் சுலபமாக நுழைந்துவிடுவான். எல்லா எல்லைகளிலும் செல்லுபடியாகும் ஒரே பட்டியலை யார் எழுதுவது?

1953-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றம் அந்தப் பொறுப்பை ஏற்று, அபாயகரமான சரக்குகளின் போக்குவரத்துக்கென்று ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழுவின் முன்னால் இருந்தது மலைப்பான வேலை. ஒரே அமிலத்துக்கு வேதியியலில் ஒரு பெயர், சந்தையில் ஒரு பெயர், ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர். ஆண்டுதோறும் ஆலைகளில் புதுப் பொருள்கள் பிறந்துகொண்டிருந்தன. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வேலை முடியவே முடியாது. அவர்கள் வேறு கேள்வியைக் கையில் எடுத்தார்கள்.

இந்தப் பொருளின் பெயர் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, வழியில் இது என்ன செய்யும் என்று கேட்டார்கள். வெடிக்குமா? அது முதல் வகுப்பு. அழுத்தத்தில் அடைத்த வாயுவா? இரண்டு. தீப்பற்றும் திரவமா? மூன்று. எரியும் திடப்பொருள், தானாகப் பற்றிக்கொள்வது, தண்ணீர் பட்டால் எரிவாயு கக்குவது, இவை மூன்றும் நான்காம் வகுப்பு. டெக்சஸ் சிட்டி உரம்போல, பிறவற்றின் தீயைத் தூண்டிவிடும் ஆக்சிஜன் உள்ளவை ஐந்து. நஞ்சும் நோய்க்கிருமியும் ஆறு. கதிரியக்கம் ஏழு. தோலையும் இரும்பையும் அரிப்பது எட்டு. இவற்றில் அடங்காத ஆபத்தெல்லாம் ஒன்பது. குணம் கேட்டால் போதாது. அதை நிரூபித்துக் காட்டவும் வேண்டும். அதற்கு நாளடைவில் சோதனைகள் வகுக்கப்பட்டன.

அந்தச் சோதனைகளில் முகதாட்சண்யம் இல்லை. திரவமா? எந்த வெப்பநிலையில் அதன் ஆவி தீப்பற்றுகிறது என்று அளந்தார்கள். 60 டிகிரி செல்சியஸுக்குள் பற்றினால் மூன்றாம் வகுப்பு. அமிலமா? தோலில் மூன்று நிமிடம் பட்டாலே திசுவை அழிக்குமானால் மிகக் கடுமை. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நடுத்தரம். நான்கு மணி நேரத்துக்குள் என்றால் குறைவு. தானாகப் பற்றும் சந்தேகமா? பொருளைப் பத்து சென்டிமீட்டர் கனசதுரக் கூண்டில் இட்டு, 140 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் அடுப்புக்குள் வைத்தார்கள். பம்பாயில் கேள்வி கேட்காமல் ஏற்றப்பட்ட சரக்குகளுக்கு இப்போது பட்டியலில் இடம் கிடைத்தது. ஈரப் பஞ்சு 1365, பதப்படுத்தாத மீன் தூள் 1374. காங்கேயத்துக் களங்களில் உலரும் கொப்பரைகூட 1363 என்று உள்ளே வந்தது. இந்த எண்கள் எங்கிருந்து முளைத்தன?

பெயர்களின் சண்டையைத் தீர்க்கக் குழு கண்ட வழி அதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண். அசிட்டிலீன் 1001, அழுத்தக் காற்று 1002, அம்மோனியா 1005, குளோரின் 1017 என்று, ஆங்கில அகர வரிசையில் வாயுக்கள் எண்களில் உட்கார்ந்தன. எண் பெரியதென்றால் ஆபத்து பெரியது என்று பொருளல்ல. அது அடையாளம் மட்டுமே. அரபு பேசும் மாலுமிக்கும் ஜப்பானியத் தீயணைப்பு வீரருக்கும் 1017 என்றால் குளோரின்தான். 1956-ல் முதல் பரிந்துரைகள் வெளியாயின. ஆரஞ்சு நிற அட்டையால் அது ‘ஆரஞ்சு புத்தகம்’ என்றே பெயர் பெற்றது. ஐரோப்பியச் சாலைகளுக்கு 1957-லும் கடலுக்கு 1965-லும் அதை ஒட்டிய விதிகள் வந்தன. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது: தீ எரிந்துகொண்டிருக்கும்போது, புத்தகத்தைப் புரட்ட யாருக்கு நேரம்?

1970-களின் தொடக்கத்தில் லண்டன் தீயணைப்புத் துறையில் அதற்கு விடை பிறந்தது. பெயர் ஹாஸ்கெம். பொருளின் வரலாறு வேண்டாம், முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் போதும் என்றார்கள். ஓர் எண், ஓர் எழுத்து, தேவைப்பட்டால் இன்னோர் எழுத்து. எண் 1, 2 என்றால் தண்ணீர். 3 என்றால் நுரை. 4 என்றால் தண்ணீரே கூடாது, உலர்ந்த பொருள் மட்டும். அடுத்த எழுத்து, என்ன கவசம் வேண்டும், சிந்தியதைத் தண்ணீரில் கரைத்து விடலாமா அல்லது சாக்கடைக்குள் போகாமல் அணைகட்ட வேண்டுமா என்று சொல்லும். கடைசியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து நின்றால், ஊர் மக்களை வெளியேற்றுவதை யோசிக்க வேண்டும். டெக்சஸ் சிட்டியின் கப்பல் தலைவரிடம் இல்லாமற்போன அறிவு முழுவதும், மூன்று குறிகளுக்குள் அடங்கிவிட்டது.

பிரிட்டனிலிருந்து அந்தக் குறி இந்தியாவுக்கும் வந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயகரமான சரக்கு ஏற்றும் ஒவ்வொரு வண்டியும் அவசரத் தகவல் பலகை தாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நெடுஞ்சாலையில் முன்னே போகும் ஒவ்வொரு பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகிலும் இருப்பது அந்தப் பலகைதான். சாய்ந்த சதுரத்துக்குள் தீச்சுடர், அடியில் 3 என்ற வகுப்பு எண். மேலே ‘3 ஒய் இ’ என்ற ஹாஸ்கெம் குறி: நுரை அடி, மூச்சுக் கவசம் அணி, சாக்கடைக்குள் விடாதே, மக்களை வெளியேற்ற யோசி. அதன் பக்கத்தில், ஓவர்டேக் செய்யும் அவசரத்தில் யாரும் நின்று படிக்காத நான்கு இலக்கம்: 1203. உலகெங்கும் பெட்ரோலின் பெயர். சமையல் எரிவாயு டேங்கரில் அது 1075. சிவகாசித் தீப்பெட்டி கப்பலேறும்போது 1944.

ஆரஞ்சு புத்தகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்படுகிறது. செல்போனுக்குள் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கும் 3481 என்று எண் வந்துவிட்டது. டெக்சஸ் சிட்டியின் உரமும் இன்று பெயரை வைத்து ஏமாற்ற முடியாது. ஐந்தாம் வகுப்பில் அதற்கு நிலையான எண் உண்டு. ஆனாலும் 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீப்பிடித்தபோது, அங்கே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடப்பது, அணைக்க அனுப்பப்பட்ட தீயணைப்புக் குழுவுக்குச் சொல்லப்படவில்லை. குழுவின் பத்துப் பேரும் இறந்தார்கள். மொத்த உயிரிழப்பு இருநூறைத் தாண்டியது.

வகைப்பாடு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது; மிச்சம் இருப்பது மனிதர்களின் வேலை. டேங்கரில் பலகையை மங்கவிடுவதும், ஒரு சரக்குக்கான எண்ணோடு இன்னொரு சரக்கை ஏற்றுவதும், உள்ளே ஆவி நிற்கும் டேங்கரைக் காலி வண்டி என்று பலகையில்லாமல் ஓட்டுவதும் அலட்சியம் அல்ல, குற்றம். உதவிக்கு ஓடி வருகிறவரிடம் சொல்லும் பொய் அது. பம்பாயில் அப்படி ஓடி வந்து மாண்ட 66 பேரின் நினைவாகத்தான், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14-ஆம் தேதி இந்தியாவில் தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.